எந்த முப்பத்திரண்டு?

தமிழ்நாட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் லைசென்ஸை வைத்துக்கொண்டு, திருத்தணிக்காரர் ஒருவர் ரிவால்வருடன் பஸ் ஏறி ஆந்திரத்து நகரியில் இறங்கினால் குற்றம். 1960 ஏப்ரல் 1 வரை திருத்தணியும் சித்தூர் மாவட்டம்தானே என்ற வாதம் எடுபடாது. எல்லை விஷயத்தில் இவ்வளவு கறாரான அந்தத் தாள், துப்பாக்கிக்குள் எந்தத் தோட்டா போகலாம் என்பதில் மட்டும் அசட்டையாக இருக்கிறது. குழலின் உள்விட்டத்தை மட்டும் ‘32 போர்’ என்று எழுதினால் போதும் என்பதே வழக்கம். அது போதாது.

கான்பூரில் 2014இல் பெண்களுக்கென்று சொல்லி வெளியிட்ட ‘நிர்பீக்’, 32 ரிவால்வர். அரசுத் தொழிற்சாலையின் ‘அஷானி’, 32 பிஸ்டல். இரண்டிலும் குண்டின் தடிமன் ஏறத்தாழ ஒன்று, தோட்டாதான் வேறு. ரிவால்வருக்கு .32 ஸ்மித் அண்ட் வெஸன் லாங். பித்தளைக் கூடு 23 மி.மீ. நீளம், அடியில் துருத்தும் விளிம்புதான் சிலிண்டர் துளையின் வாயில் அதைத் தாங்கி நிறுத்துகிறது. பிஸ்டலுக்கு .32 ஏசிபி. கூடு 17 மி.மீ.தான், விளிம்பு லேசாகவே வெளியே தெரியும்.

நீளமானது பிஸ்டலின் மேகசினுக்குள் போகவே போகாது; அந்தப் பக்கம் பயமில்லை. ஆனால் குட்டையான ஏசிபி பல ரிவால்வர்களில் வழுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடும், வெடிக்கவும் செய்யும். அமெரிக்கத் தொழில்தரப்படி ஏசிபிக்கு உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 20,500 பவுண்டு, லாங்குக்கு 15,000. தாத்தா காலத்து ரிவால்வரில் இந்த வித்தியாசத்தைச் சோதித்துப் பார்க்க நான் அருகில் நிற்கமாட்டேன்.

38இன் கதையும் இதேதான். பழைய வெப்லி, என்ஃபீல்டு ரிவால்வர்களின் 38 வேறு; நீண்டு மெலிந்த 38 ஸ்பெஷல் வேறு. இரண்டு குண்டுமே 38 கிடையாது, சுமார் 9.1 மி.மீ.

அரசுக்கு இது தெரியாததல்ல. 1962ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் முதல் அட்டவணை, போர் எதுவானாலும், காவல்துறையும் ராணுவமும் பயன்படுத்தும் .380, 9 மி.மீ. போன்ற தோட்டாக்களை ஏற்றிச் சுடக்கூடிய கைத்துப்பாக்கிகளைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. தடுக்கும்போது பொருத்தத்தைப் பார்த்தவர்கள், அனுமதிக்கும்போது எண்ணோடு நிறுத்திக்கொள்வது விந்தை.

குழலிலேயே பொறித்திருக்கிறது, அனுபவமுள்ள கடைக்காரர் கேட்டுத்தான் கொடுப்பார் என்பது எதிர்வாதம். புதுத் துப்பாக்கிக்கு அது செல்லும். வாரிசுக்கு வந்த, எழுத்து தேய்ந்த துப்பாக்கிக்குச் செல்லாது. தவிர, ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகும் ஒருவர் இரண்டு துப்பாக்கி வைத்திருக்கலாம். 32 ரிவால்வரும் 32 பிஸ்டலும் ஒரே அலமாரியில் இருக்கும் வீட்டில் கடைக்காரர் எப்படிக் காவல் நிற்பார்?

ஆகவே லைசென்ஸில் தோட்டாவின் முழுப் பெயரும் கூட்டின் நீளமும் வேண்டும்: 7.65 × 23 மி.மீ. அல்லது 7.65 × 17 மி.மீ. பொறிப்பு தேய்ந்தவற்றை, ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும் புதுப்பித்தலின்போது துப்பாக்கி மெக்கானிக் அளந்து சான்று தரட்டும். அதுவரை அவற்றுக்குத் தோட்டா விற்கக் கூடாது.