மலைபடுகடாத்தில் செவிப்புலக் காட்சி

பத்துப்பாட்டின் இறுதிக்கண் நிற்பது மலைபடுகடாம். இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் நன்னன்சேய் நன்னனைப் பாடிய இப்பாட்டு 583 அடிகளால் இயன்றது. கூத்தராற்றுப்படை எனவும் வழங்குவது. நன்னனது தலைநகராகிய செங்கண்மா, திருவண்ணாமலைக்கு மேற்கே சேயாற்றங்கரையில் அமைந்த இன்றைய செங்கமே என்பர் ஆராய்ச்சியாளர். அவனுக்குரிய நவிரமலையை, அதே மாவட்டத்துப் பர்வதமலையாகக் கருதுவோரும் உளர். மலையை யானையாகவும், அதன்கண் எழும் ஓசைகளை அவ்யானையின் மதமாகவும் கொண்டமையால் பாட்டு இப்பெயர் பெற்றது என்பது நச்சினார்க்கினியர் உரையால் விளங்கும்.

பாட்டிற்குப் பெயர் தந்த அவ்வோசைப் பகுதியில் ஏறத்தாழ இருபது ஓசைகள் நிரல்பட எண்ணப்படுகின்றன. இதனை இயற்கை வருணனை எனக் கூறி அமைவதே பெருவழக்கு. வருணனை என்பது ஒருபுடை உண்மையே. ஆயினும், வருணனை மட்டும் ஆயின், அப்பகுதியை நீக்கினும் ஆற்றுப்படை குன்றாது நிற்றல் வேண்டும். அங்ஙனம் நில்லாது என்பதும், புலனுணர்ச்சி புலக்காட்சியாக மாறும் முறையினை அப்பகுதி புலப்படுத்துகிறது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாம்.

புலனுணர்ச்சியும் புலக்காட்சியும்

புலனுணர்ச்சி என்பது புறப்பொருளின் தாக்குதலால் கண் செவி முதலிய பொறிகளில் எழும் உணர்வு. அவ்வுணர்வினை மனம் இன்ன பொருள் என வரைந்து அறிதல் புலக்காட்சி. திருவண்ணாமலையை வலம் வருவார் இவ்விரண்டன் வேறுபாட்டை எளிதில் உணரலாம். ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளும் அவ்வழியில், ஓரிடத்தில் ஒற்றை முடியாகத் தோன்றும் மலை, மற்றோரிடத்தில் பல முடிகளாகப் பிரிந்து தோன்றும். கண்ணிற் படியும் உருவம் அடிதோறும் வேறாகிறது. எனினும் வலம் வருவார் மலை மாறிற்று என்று எண்ணுவதில்லை. உருவம் பலவாதல் பொறியின் செயல். மலை ஒன்று என்று தெளிதல் மனத்தின் செயல்.

செருமானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ், 1856 முதல் 1867 வரை பகுதி பகுதியாக வெளிவந்த தம் ஒளியியல் நூலில், காட்சி என்பது நம்மை அறியாமலே மனம் செய்யும் உய்த்துணர்வு என்றார். தமிழில் சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதி, பெயர் முதலிய வேறுபாடின்றி உளதாம் தன்மை மட்டும் தோன்றும் காட்சியையும், பெயர், சாதி, குணம், கன்மம், பொருள் என்னும் ஐந்தொடும் கூடித் தெளியும் காட்சியையும் பிரித்து ஓதுகிறது. பிற்கால அளவை நூலின் கொள்கையைச் சங்கப் பாட்டின்மேல் ஏற்றுதல் முறையன்று. அவ்வேறுபாடு மலைபடுகடாத்தில் உண்டு எனின், அப்பாட்டின் சொற்களே சான்றாதல் வேண்டும்.

ஓசையின் இடர்ப்பாடு

கண்ணினும் செவிக்கு இடர்ப்பாடு மிகுதி. பொருள்கள் கண்ணுக்குப் பெரும்பாலும் இடத்தால் வேறுபட்டுத் தோன்றும். செவியிலோ, பல இடங்களில் எழுந்த ஓசைகள் கலந்து ஒரே அதிர்வாக வந்து தாக்கும். அதனைப் பிரித்து, இஃது அருவி, இஃது யானை, இது மக்கட்குரல் என மனம் வகுத்துக்கொள்ளும் முறையைக் கனடா நாட்டு உளவியலறிஞர் ஆல்பர்ட் பிரெக்மன் 1990இல் வெளியிட்ட தம் நூலில் விரிவாக ஆராய்ந்தார். 1993இல் வில்லியம் கேவர், மக்கள் அன்றாட வாழ்வில் கேட்பது ஓசையின் ஏற்ற இறக்கங்களை அன்று. அவ்வோசையைப் பிறப்பித்த நிகழ்ச்சியையே என்று விளக்கினார்.

இக்கருத்தோடு பெருங்கௌசிகனாரின் சொல்லாட்சியை ஒப்புநோக்குக. ஓதை, கம்பலை, பூசல் என ஓசைப்பெயர்கள் பல வருகின்றன. ஆயினும் முள்ளம்பன்றியின் முள்பட்டு வருந்தும் கானவரின் ஒலியை அவர் அழுகை என்கிறார். அரிய அரணை எறிந்த கானவரின் ஆரவாரத்தை உவகை என்கிறார். அழுகையும் உவகையும் தொல்காப்பியம் கூறும் எண்வகை மெய்ப்பாடுகளுள் அடங்குவன. தேன் எடுப்போரின் ஆரவாரம் கொள்ளை எனவும், குறவரும் அவர்தம் பெண்டிரும் ஆடும் ஆட்டத்தின் ஒலி குரவை எனவும் வருகின்றன. இவை நிகழ்ச்சிப் பெயர்கள். ஆதலின் கேட்பான் செவியுற்றது ஒலியாயினும், அறிந்தது பிறர் துயரும் மகிழ்வும் தொழிலுமே என்பது பெறப்படும்.

பூசல் என்னும் சொல்

பூசல் என்னும் சொல் இதனை மேலும் தெளிவிக்கும். வேங்கை மலர் கொய்யும் மகளிர் ஒலியும் பூசலே. பிளவிலே பார்ப்பு வீழ்ந்தமைக்கு மந்தி தன் கிளையொடு எழுப்பும் அரற்றும் பூசலே. தினைப்புனத்தில் கிளி கடியும் மகளிர் ஒலியும் பூசலே. செவிக்கு எட்டுவது ஒரு பேரொலி என்ற அளவில் இவை ஒன்றே. முன்வரும் அடைகளும் தொடர்களும்தாம் ஒன்றனை மகிழ்ச்சி எனவும், ஒன்றனை ஆற்றொணாத் துயர் எனவும், ஒன்றனைத் தொழில் எனவும் வரைந்து காட்டுகின்றன. பெயர்ச்சொல் புலனுணர்ச்சிக்கும், அடைமொழி புலக்காட்சிக்கும் உரியனவாக அமைந்துள்ளன எனலாம்.

இவ்வமைப்பின் நுட்பம் அடுத்தடுத்து நிற்கும் மூன்று ஓசைகளில் விளங்கும். புலி பாய்ந்து மார்பிற் புண்பட்ட கணவர்க்குக் காப்பாகக் கொடிச்சியர் பாடும் பாடல் முதலாவது. வேங்கை மலரைக் கொய்வார் வழக்கப்படி புலி புலி எனக் கூவும் ஆரவாரம் இரண்டாவது. பிடியின்மேற் புலி பாய்ந்ததாக யானைக் கூட்டம் இடிபோல் முழங்குவது மூன்றாவது. மூன்றும் புலியைச் சுட்டுகின்றன. முதலாவதில் புலி வந்து போயிற்று. மூன்றாவதில் புலி இப்பொழுதே உளது. இடையில் நிற்பதில் புலியே இல்லை. ஆனால் புலி என்னும் பெயர் வெளிப்படையாக ஒலிப்பது அவ்விடைப்பட்ட ஓசையில்தான். இன்பம், காவல் என்னும் பொருளுடைய ஏமம் என்ற ஒரு சொல்லை அடையாக்கிப் புலவர் அச்சத்தை விலக்குகிறார். மலைவழக்கம் அறியாதான் ஒருவன் மகளிர் கூவலுக்கு அஞ்சி ஓடக்கூடும். மெல்லிய பாடலைக் கேட்டு, ஊறு நேர்ந்ததை அறியாமல் மகிழவும் கூடும். செவி நன்றாயினும் காட்சி திரியும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

ஒரு தடையும் விடையும்

மந்தியின் கரிய விரலைச் செவி அறியுமோ? பார்ப்பு வீழ்ந்த செய்தியை ஓசை உரைக்குமோ? புலவர் கண்டதையே கேட்டதாகக் கூறினார் எனத் தடை எழலாம். ஓசையொன்றே அவற்றை உணர்த்தாது என்பது மெய். ஆயின் மலையிற் பழகியவன் ஓசையை மட்டும் கொண்டு அறிவதில்லை. முன் கண்டவற்றின் நினைவினையும் அதனோடு கூட்டியே அறிகிறான். கரிய விரல் அந்நினைவின் கூறு. ஆகவே தடையாகக் காட்டப்பெற்றதே நம் கருத்துக்கு அரணாகிறது.

ஆற்றுப்படை என்பது அறிந்தான் அறியாதானுக்கு வழி கூறுவது. பன்றிக்கு வைத்த கற்பொறிகள் உள்ளமையின் விடிந்தபின் செல்லுமாறும், கவண்கல் வரும் இடங்களில் மரங்களின் மறைவிற் செல்லுமாறும் இப்பாட்டு அறிவுறுத்துகிறது. காடடர்ந்த மலையில் கண் சிறிதே செல்லும். செவியே நெடுந்தொலைவு செல்லும். எவ்வோசைக்கு அஞ்சுவது, எதனைக் கேட்டு மகிழ்வது என அறியாத கூத்தர்க்கு வழியறிவு நிரம்பாது. ஓசைப் பகுதியை நீக்கின் ஆற்றுப்படை குன்றும் என்றது இதுபற்றியே.

இறுதியில் குன்றின் எதிரொலியையும் கூட்டி, எல்லாம் ஒன்றாய்த் திரண்டு எண்ணுதற்கு அரியவாய்த் திசைகளில் ஒலிப்பதாகப் புலவர் முடிக்கிறார். புதியவன் செவியில் முதற்கண் படுவது பிரிவறியாத இம்முழக்கமே. புலவர் அதனை முதலிற் கூறாது, கூறுகளை ஒவ்வொன்றாக அறிவித்தபின் முடிவில் வைத்தார். அதனாற் கூத்தர் கேட்கும் முழக்கம் வெற்றொலியாகாது, பொருள் நிறைந்த மலையின் குரலாகிறது. மலைபடுகடாம் என்னும் பெயரும் அம்முழுமைக்கே உரியது.