செயல்திறன் காருக்கு மாற்றுக் கிளட்ச்: பிடிப்பும் அதற்கான விலையும்

டர்போ பெட்ரோல் கார்களில் எஞ்சின் கணினியை ரீமேப் செய்து திறனைக் கூட்டும்போது, பெரும்பாலும் முதலில் கைவிரிக்கும் பாகம் கிளட்ச்தான். ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐயின் ஏழாம் தலைமுறை இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. அதன் 2 லிட்டர் எஞ்சின் தரும் 350 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, நிமிடத்துக்குச் சுமார் 1,500 சுழற்சியிலேயே கிடைத்துவிடுகிறது. மென்பொருளை மட்டும் மாற்றினாலே அது 400-ஐத் தாண்டும். அப்படி மாற்றிய மேனுவல் வண்டியில், ஐந்தாம் கியரில் 2,500 சுழற்சியில் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால் டாக்கோமீட்டர் முள் சட்டென்று ஏறும். வேகம் அதற்கேற்பக் கூடாது. கிளட்ச் நழுவுகிறது என்பதற்கு இதுவே அடையாளம். முதல் கியரில் அதற்கு முன்பே முன்சக்கரங்கள் பிடிப்பிழந்து சுழன்றுவிடுவதால் இந்தக் குறை வெளியே தெரிவதில்லை.

கிளட்ச் தாங்கக்கூடிய முறுக்குவிசை நான்கு எண்களின் பெருக்கற்பலன்: உராயும் முகங்களின் எண்ணிக்கை, உராய்வுக் கெழு, பிரஷர் பிளேட்டின் அழுத்தம், தட்டின் சராசரி ஆரம். இரண்டு முகங்கள், 0.3 கெழு, 7,500 நியூட்டன் அழுத்தம், 0.1 மீட்டர் ஆரம் என்று கொண்டால் விடை 450 நியூட்டன் மீட்டர். ஆரத்தைக் கூட்டக் கியர்பாக்ஸ் கூட்டுக்குள் இடம் இருக்காது. ஆகவே மற்ற மூன்றில்தான் தயாரிப்பாளர்கள் கைவைக்கிறார்கள்.

அழுத்தத்தைக் கூட்டுவது எளிய வழி. தட்டு பழைய ஆர்கானிக் வகையாகவே இருக்கலாம் என்பதால் கிளட்ச் மென்மையாகவே பிடிக்கும். ஆனால் பெடல் கனக்கும். ரிலீஸ் பேரிங்கும் கிராங்க்ஷாஃப்டின் திரஸ்ட் பேரிங்கும் ஒவ்வொரு மிதிக்கும் கூடுதல் சுமை தாங்க வேண்டும். நெரிசலில் ஓடும் வண்டிக்கு இது சிறிய குறை அல்ல.

உராய்வுப் பொருளை மாற்றுவது இரண்டாம் வழி. செராமெட்டாலிக் துண்டுகள் பதித்த தட்டு கடும் வெப்பத்திலும் பிடியை விடாது; பந்தயத் தடத்தில் அதன் அருமை தெரியும். சாலையில் அதுவே தொல்லை. பல தட்டுகளில் இரு முகங்களுக்கும் நடுவே இருக்க வேண்டிய அலைவடிவ எஃகுத் தகடு இராது. அதனால் ஹாஃப் கிளட்ச்சில் வண்டி உதறும். ஃபிளைவீல் முகமும் விரைவில் தேயும். கெவ்லார் தட்டு மென்மையானது, நெடுநாள் உழைப்பது. ஆனால் பொறுமையாகப் பழக்க வேண்டும், ஒருமுறை மிகையாகச் சூடேறினால் பழைய பிடி திரும்புவது அரிது.

மூன்றாம் வழி இரட்டைத் தட்டு. உராயும் முகங்கள் நான்காவதால் மிதமான அழுத்தத்திலேயே ஏறக்குறைய இருமடங்கு பிடி கிடைக்கும். வெப்பத்தைப் பகிர்ந்துகொள்ளக் கூடுதல் உலோகமும் உண்டு. பொறியியல் நோக்கில் இதுவே நேர்த்தியான தீர்வு. விலை அதிகம், பெடலை மிதித்திருக்கும்போது நடுத்தகடு கலகலக்கும்.

இத்தகைய கிட்டுகள் பலவற்றில், தொழிற்சாலை இரட்டை நிறை ஃபிளைவீலுக்குப் பதிலாக ஒற்றை நிறை ஃபிளைவீல் வருகிறது. எடை குறைந்தால் எஞ்சின் சுறுசுறுப்பாக ஏறி இறங்கும். ஆனால் எஞ்சினின் அதிர்வை விழுங்கிவந்த சுருள்வில் அமைப்பு போய்விடுவதால், நியூட்ரலில் நிற்கும்போது கியர்பாக்ஸ் பற்கள் கடகடக்கும்.

வாங்குவோரை அதிகம் குழப்புவது ‘ஸ்டேஜ்’ எண். அதற்குப் பொதுத் தரநிர்ணயம் இல்லை. ஒரு நிறுவனத்தின் ஸ்டேஜ் 2 இன்னொன்றின் ஸ்டேஜ் 3-ஐவிட வலுவாக இருக்கக்கூடும். நம்பத் தகுந்தது முறுக்குவிசை மதிப்பு மட்டுமே. அதுவும் கிராங்க்கில் அளந்ததா, சக்கரத்தில் அளந்ததா என்று கேட்டறிய வேண்டும். அமெரிக்கப் பட்டியல்கள் பவுண்டு-அடியில் எண் தருகின்றன. 400 பவுண்டு-அடி என்பது சுமார் 542 நியூட்டன் மீட்டர்.

‘பெரிதாக வாங்கினால் பின்னால் கவலையில்லை’ என்ற வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. கிளட்ச்சை மாற்றக் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். அந்தக் கூலியை இருமுறை தர எவரும் விரும்பார். ஆனால் நழுவும் கிளட்ச் மின்சுற்றில் ஃபியூஸ் போலவும் வேலை செய்கிறது. அது நழுவ மறுத்தால் அதிர்ச்சி முழுவதும் கியர்பாக்ஸுக்கும் ஆக்ஸிலுக்கும் போகும். ஜிடிஐயின் கியர்பாக்ஸ் எம்க்யூ350. பெயரிலுள்ள எண்ணே அது எந்த முறுக்குவிசை வகுப்புக்கு உரியது என்று சொல்கிறது. 800 நியூட்டன் மீட்டர் தாங்கும் கிளட்ச்சை அதனோடு பூட்டினால் பலவீனம் நீங்காது, விலையுயர்ந்த பாகத்துக்கு இடம்பெயரும்.

எனவே தேர்வு எஞ்சினின் உண்மையான உச்ச முறுக்குவிசையிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குமேல் கால் பங்கு கையிருப்பு சாலைக் காருக்குப் போதும். 450 நியூட்டன் மீட்டர் தரும் ஜிடிஐக்கு, ஆர்கானிக் தட்டும் அழுத்தம் கூடிய பிரஷர் பிளேட்டும் பொருந்தும். அத்துடன் இரட்டை நிறை ஃபிளைவீலைத் தக்கவைப்பது நல்லது. டர்போவையே பெரிதாக்கும் திட்டம் உறுதியானால் இரட்டைத் தட்டு தகும். செராமெட்டாலிக் தட்டைப் பந்தயத் தடத்துக்கு விட்டுவிடலாம். எதைப் பூட்டினாலும் ரிலீஸ் பேரிங்கைப் புதிதாக மாற்றி, முதல் 800 கிலோமீட்டர் அளவுக்கு முழு ஆக்சிலரேட்டரைத் தவிர்த்து நகரத்தில் ஓட்டிப் பழக்க வேண்டும். முகங்கள் சீராகப் படியாத கிளட்ச், பட்டியலில் எழுதிய பிடியைத் தராது.