எலும்புக்கு எதற்குச் சிறகு?

ஜேம்ஸ் டீட்ஸும் எட்வின் டெத்லெஃப்சனும் 1960களில் மசாசூசெட்ஸ் கல்லறைத் தோட்டங்களில் செய்த ஆய்வை முதன்முதலில் படித்தபோது எனக்கு அப்படியொரு சந்தோஷம். டேட்டான்னா இதுதான். கல்லிலேயே வருஷம் இருக்கு, கல் இடம் மாறுவதும் அபூர்வம். எண்ணி வரைபடம் போட்டால் ஒவ்வொரு சின்னமும் மெல்லத் தொடங்கி, பெருத்து, மெலிந்து மறைகிறது. முதலில் சிறகு முளைத்த மண்டையோடு. 18ஆம் நூற்றாண்டில் அதே சிறகுகளுக்கு நடுவே சதையுள்ள முகம், நம்ம பைபிள் சொல்லும் கெருபு. நூற்றாண்டு முடியும்போது கலசமும் அதன்மேல் சாய்ந்த வில்லோ மரமும்.

பியூரிட்டன் கண்டிப்பு தளரத் தளர மண்டையோடு போய் மறுமையின் நம்பிக்கை வந்தது என்கிறார்கள். வாசகங்களும் மாறுகின்றன: 'இன்னாரின் உடல் இங்கே கிடக்கிறது' என்பது 'இன்னாரின் நினைவாக' ஆகிறது. கல்லுக்கடியில் இருந்த உடம்பே காணாமல் போய்விடுகிறது! அவர்கள் தரும் சான்றுகளில் எனக்கு வலுவாகப் படுவது இதுதான்.

ஆனால் மண்டையோடுன்னா பயம்தானா? தேவாலயத்துக்குள் ஒரு படம்கூட வைக்காத ஜனங்கள் அவர்கள். கல்லறையில் மட்டும் இவ்வளவு செதுக்கியிருக்கிறார்கள். ஆலன் லட்விக்கின் 'கிரேவன் இமேஜஸ்' (1966) இந்த முரணைத்தான் பிடித்துக்கொள்கிறது. வெறும் பயம் என்றால் எலும்புக்கு எதற்குச் சிறகு? சாவும் உயிர்ப்பும் அந்த ஒரே உருவத்தில் ஏற்கனவே இருக்கின்றன. கெருபு வந்தபோது நம்பிக்கை புதிதாக வரவில்லை, எலும்பு மட்டும்தான் போனது. எண்ணும்போது ஒரு கல்லுக்கு ஒரு பெயர் கொடுத்தாக வேண்டும். 'மண்டையோடு' என்று எழுதிய நிமிஷமே சிறகு கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறது. நானும் தினம் டேபிள் டிசைன் பண்ணுகிற ஆள், இந்த நழுவல் எனக்குத் தெரியும்.

அப்புறம், செதுக்குகிறவர். சார்ல்ஸ்டவுனில் லாம்சன் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கல் செதுக்கியது. அவர்கள் கைக்குப் பழகிய உருவம்தானே வாங்குகிறவருக்குக் கிடைக்கும்? டீட்ஸுக்கும் இது தெரியும், எழுதியும் இருக்கிறார். இருந்தாலும் வரைபடத்தின் அழகில் உளி மறந்துபோகிறது.

என் அத்தை இறந்தபோது மாமாவும் நானும்தான் கல் கடைக்குப் போனோம். திறந்த பைபிள், மேலே புறா. அதுதான் ரெடியாக இருந்தது. அத்தைக்குப் புறாவே ஆகாது, மாடியில் வடாம் காயப்போட்டால் கம்போடு காவல் நிற்பாள். நூறு வருஷம் கழித்து யாராவது எண்ண வந்தால் 'பரிசுத்த ஆவி, ஒன்று' என்று எழுதிக்கொள்வார்.

போன கல்லறைத் திருநாளுக்கு மாமா மாலையைக் கொஞ்சம் கீழே இறக்கிப் போட்டார். புறா மறையக் கூடாதாம்.