கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சோழன்

டோல்கீன் வாசகர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கதையைவிடப் பின்னிணைப்புதான் பிடிக்கும். டாயின் என்ற குள்ளர்குல அரசன் மூன்றாம் யுகம் 2589இல், தன் மண்டப வாசலிலேயே, மகன் ஃப்ரோரோடு சேர்த்து டிராகனால் கொல்லப்படுகிறான். கிட்டத்தட்ட அவ்வளவுதான் அவன் கதை. அதற்காக ராத்திரி முழுக்க வரைபடத்தைத் துழாவியிருக்கிறேன். தினமும் எம்ஆர்டியில் சுற்றும் இந்தத் தீவின் கதையிலும் அப்படியொரு ராஜா ஓர் ஓரமாக இருக்கிறான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பெயர் ராஜா சூலான். ‘செஜாரா மெலாயு’வில் வருகிறான். 1612இல் எழுதப் பணிக்கப்பட்டதாக அதன் முன்னுரை சொல்கிறது. பெயரில் சோழன் சாயல் இருப்பதால், தேக்காவில் டீ குடித்தபடி இதைச் சொன்னால் யாராவது உடனே ராஜேந்திரனையும் 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பையும் இழுத்துவருவார்கள். “பாத்தியா, அப்பவே நாம வந்துட்டோம்!” எனக்கும் முதலில் அந்தப் புல்லரிப்பு வந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் கதையை ஒழுங்காகப் படித்தால் அங்கே வெற்றியே இல்லை. சீனத்தை வெல்லப் புறப்பட்ட சூலான் தெமாசெக் வரை வருகிறான். சீன அரசர் படை அனுப்பவில்லை, ஒரு கப்பல் அனுப்புகிறார். அதில் துருப்பிடித்த ஊசிகள், காய்த்துக் குலுங்கும் மரங்கள், பல்லுப்போன கிழவர்கள். “கிளம்பும்போது நாங்கள் சிறுவர்கள். இந்த மரங்கள் விதைகள். ஊசிகளோ கைத்தடிமன் இரும்புக் கம்பிகள்” என்கிறார்கள். சீனம் அவ்வளவு தூரமா என்று நம்பித் திரும்பிவிடுகிறான். நம்மூர் மெய்க்கீர்த்தி எதிலாவது ராஜா இப்படி ஏமாறுவானா?

அடுத்ததுதான் அருமை. நிலத்தைப் பார்த்தாயிற்று, கடலுக்கடியில் என்ன இருக்கும் என்று யோசிக்கிறான். கண்ணாடிப் பெட்டி செய்யச் சொல்கிறான், பூட்டு உள்பக்கம். இன்ஜினியராக நான் நின்றுவிட்ட இடம் இது. திறப்பது அவன் முடிவாக இருக்க வேண்டும் என்று கதை சொன்னவருக்குத் தோன்றியிருக்கிறது. கீழே போகிறான், அங்கிருக்கும் இளவரசியை மணக்கிறான், மூன்று பிள்ளைகள் பிறக்கின்றன, பிறகு கடல் குதிரையேறி மேலே வருகிறான்.

கண்ணாடிக்குள் கடலில் இறங்குவது அலெக்சாந்தர் கதைகளில் பழைய சரக்கு. மலாய் ஆசிரியர் சூலானை அலெக்சாந்தர் வம்சத்தில் வைத்துவிட்டு, தாத்தாவின் சாகசத்தைப் பேரனுக்குக் கொடுத்துவிடுகிறார். இது திருட்டு இல்லை, தேர்ந்த கைவேலை. கடலடி மணம் மட்டும் அவசர அவசரமாக ஓடிவிடுகிறது. பிள்ளைகளைப் பெற்றுத் தரத்தான் அந்த இளவரசி வந்தாள் போல. அது குறைதான்.

சூலானின் வம்சத்தில்தான் சாங் நீல உத்தாமா வருகிறான், சிங்கப்பூரா என்று பெயர் வைக்கிறான். 2019இல் ஆற்றங்கரையில் ராஃபிள்ஸ் பக்கத்தில் அவனுக்கும் நாராயண பிள்ளைக்கும் சிலை வைத்தார்கள். அங்கே நின்றபோது, 1819இல் வந்திறங்கியவரை நம்மவர் என்கிறோம், உத்தாமாவை ‘அவங்க ஆள்’ என்கிறோமே என்று உறுத்தியது. இத்தனைக்கும் உத்தாமாவுக்கு ஒரு சோழ மூதாதையைக் கொடுத்தவர் மலாய் ஆசிரியர்தான். அதை நாம் கல்வெட்டு ஆதாரமாக இழுக்கும்போது அவருடைய கற்பனை நம் கையில் வெறும் பத்திரமாகிவிடுகிறது.

நான் படித்தது சி. சி. பிரவுனின் ஆங்கில மொழிபெயர்ப்பு. முதல் சில அத்தியாயங்கள் போதும், ஒரு மணிநேர வேலை. ஊசிக் கப்பலில் தொடங்குங்கள்.