தீவு எங்கே இருக்கு, சார்?

முதுகுளத்தூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கும் ஒரு புது மாப்பிள்ளையிடம், ‘எந்தத் தீவுக்குப் போக ஆசை தம்பி?’ என்று கேட்டுப் பாருங்கள். மாலத்தீவு என்பார். கையைக் கடிக்கும் என்று நினைத்தால் அந்தமான். கூடப் படித்தவன் சிங்கப்பூரில் வேலை பார்த்தால், பாலி என்றுகூடச் சொல்லலாம். நூறு கிலோமீட்டருக்குள் ஒரு தீவு இருக்கிறது. காலையில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேரலாம். அந்தப் பெயர் மட்டும் வாயில் வராது. நாமே எடுத்துக் கொடுத்தால், ‘ராமேஸ்வரமா? அது தாத்தாவுக்குத் திதி கொடுக்கிற ஊருண்ணே!’ என்று சிரிப்பார்.

நான்கு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த நிலம் தீவு என்று பள்ளிக்கூடத்தில் எழுதி மார்க் வாங்கியவர்கள்தான் நாம் எல்லோரும். பாம்பன் கடலைத் தாண்டித்தான் ராமேஸ்வரத்துக்குப் போகிறோம். 1988 அக்டோபர் 2-ஆம் தேதி ராஜீவ் காந்தி சாலைப் பாலத்தைத் திறந்து வைக்கும் வரை, ரயிலை விட்டால் படகுதான். இருந்தும் நம் மனசுக்குள் அது தீவாகப் பதியவில்லை. ஏன்?

விளம்பரங்களைக் கவனியுங்கள். சாய்ந்த தென்னை மரம், வெள்ளை மணல், பச்சைத் தண்ணீர், இரண்டு சாய்வு நாற்காலி. எதுவெல்லாம் இல்லை என்று பாருங்கள். மனுஷன் இல்லை. வலை உலர்த்துபவர், மீன் கூடையோடு போகிற அம்மா, தெருவில் பந்து விளையாடுகிற பையன், யாருமே இல்லை. விளம்பரத்துத் தீவுக்கு முதல் தகுதியே அங்கே யாரும் குடியிருக்கக் கூடாது என்பதுதான்.

மாலத்தீவு இதை ஒரு வியாபார முறையாகவே வளர்த்தது. சுமார் 1,200 தீவுகள். அவற்றில் மக்கள் வாழ்பவை ஏறக்குறைய 200. 1972-ல் அங்கே சுற்றுலா தொடங்கியது. ‘ஒரு தீவு, ஒரு ரிசார்ட்’ என்பது கணக்கு. ஆளில்லாத தீவாகப் பார்த்துக் கொடுத்தார்கள். உள்ளூர்க்காரர் வாழும் தீவில் வெளிநாட்டுப் பயணி தங்குவதற்கான கதவு 2009 வாக்கில்தான் திறந்தது. காசு வந்தது, மறுக்க முடியாது. ஆனால் அந்தப் போட்டோக்களைப் பார்த்துப் பார்த்து, ஜனங்கள் வாழும் தீவைத் தீவு என்று ஒப்புக்கொள்ள முடியாதபடி நம் கண் பழகிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், ஆளில்லாத தீவுகளும் நம்மிடம் உண்டு. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கிவிட்டார்கள். நினைத்தபடி படகு எடுத்துப் போய் இறங்க முடியாது. காரணம் இருக்கிறது. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்ததில் அந்த 21-ல் இரண்டு தீவுகள் கடலுக்குள்ளேயே போய்விட்டன. மிச்சமிருக்கும் பவளப்பாறைகளும் 1998, 2010, 2016 என்று கடல் சூடேறிய வருஷங்களில் வெளுத்துப்போய் அடி வாங்கின. ஆளில்லாத தீவு அழகுதான். அது அப்படியே இருக்க வேண்டுமானால் நாம் போகாமல் இருப்பதே உத்தமம்.

ஆக, நாம் போகக்கூடிய தீவு ராமேஸ்வரம். அதற்கு எப்படித் திட்டம் போடுகிறோம்? இந்த வாரம் நான் விமர்சனம் செய்யப்போவது ஒரு புத்தகத்தை இல்லை, ஒரு நோட்டீஸை. மதுரையிலிருந்து சென்னை வரை டிராவல்ஸ் கடைகளில் கிடைக்கும் ‘ஒரே நாளில் ராமேஸ்வரம்’ நோட்டீஸ். கம்பெனி எதுவானாலும் வாசகம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

அதிகாலை அக்னி தீர்த்தம். ஈரத்துணியோடு ஓடி 22 தீர்த்தம். தரிசனம். டிபன். ராமர் பாதம். பதினொரு மணி வெயிலில் தனுஷ்கோடி. சாப்பாடு. பேய்க்கரும்பில் கலாம் நினைவிடம். பாம்பன் பாலத்தில் போட்டோ. நான்கு மணிக்குக் கிளம்பினால் ராத்திரிக்குள் மதுரை.

நான் பி.காம். படித்தவன். படித்ததில் பாதி மறந்துவிட்டது. மறக்காத ஒன்று ‘முழு விடு பிழை’. ஒரு வியாபார நடவடிக்கையைக் கணக்கில் பற்றாகவும் எழுதவில்லை, வரவாகவும் எழுதவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இருப்பாய்வு அழகாக டேலி ஆகும்! இரண்டு பக்கமும் விடுபட்டதால் வித்தியாசமே தெரியாது. தப்பிலேயே மோசமான தப்பு அதுதான். கண்டுபிடிக்கத் தோன்றாது.

இந்த நோட்டீஸும் அப்படித்தான். நேரம் ஒரு பக்கம், இடம் ஒரு பக்கம். பைசா பிசகாமல் டேலி. விடுபட்டது தீவு.

முதலில் கடல். பாலத்தில் பத்து நிமிஷம் எட்டிப் பார்ப்பதோடு கடல் கணக்கு முடிந்தது. (பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தக் கூடாது என்று போலீஸ் தொண்டை கிழியச் சொல்லியும்.) உள்ளூர்க்காரர்கள் பாக் ஜலசந்திப் பக்கத்தைப் பெண் கடல் என்றும், மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். ஒன்று குளம் மாதிரி கிடக்கும், இன்னொன்று சீறும். அரிச்சல்முனையில் நின்றால் இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். பார்ப்பதோடு சரி, அங்கே இறங்கக் கூடாது. நீரோட்டம் ஆளை இழுத்துவிடும். பிள்ளைகளோடு வருபவருக்கு முதலில் தெரிய வேண்டியது இது. நோட்டீஸில் இதற்கு ஒரு வரி கிடையாது. ‘இலவச தண்ணீர் பாட்டில்’ என்று மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கும்.

அடுத்து, அந்தத் தண்ணீர். இப்படிப்பட்ட மணல் தீவில் மழைநீர் மணலுக்குள் இறங்கி, உப்புநீரின் மேல் ஒரு படலமாக மிதந்து நிற்கும். தனுஷ்கோடியில் மீனவப் பெண்கள் கையால் மணலைத் தோண்டி ஊற்று எடுப்பார்கள். சுற்றிலும் கடல், நடுவே குடிக்கிற தண்ணீர்! அளவாக எடுத்தால் இனிக்கும். மோட்டார் போட்டு உறிஞ்சினால் உப்பு ஏறிவிடும். தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு தண்ணீருக்கு அலைந்த முதுகுளத்தூர், கடலாடிப் பக்கத்து ஜனங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. லாட்ஜில் ஷவரைத் திறந்துவிட்டுப் பாட்டுப் பாடும் நமக்குத்தான் யாராவது சொல்ல வேண்டும்.

மூன்றாவது, ஜனங்கள். இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. பல நோட்டீஸ்களில் தனுஷ்கோடிக்கு ‘பேய் நகரம்’ என்று பட்டம். 1964 டிசம்பர் 22-ஆம் தேதி ராத்திரி புயல் அடித்தது. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயில், உள்ளே இருந்த நூறுக்கும் மேற்பட்டவர்களோடு கடலுக்குப் போனது. ரயில் நிலையம், சர்ச், தபால் ஆபீஸ், எல்லாம் போயிற்று. சென்னையில் ரயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் இறங்கி மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு போன காலம் ஒரே ராத்திரியில் முடிந்தது. ஊர் வாழத் தகுதியற்றது என்று அரசாங்கம் அறிவித்தது.

அறிவித்ததே தவிர, ஜனங்கள் முழுசாகப் போய்விடவில்லை. இன்றும் அங்கே மீனவக் குடும்பங்கள் குடிசை போட்டு வாழ்கின்றன. சங்கு, பாசி விற்கிறார்கள், மீன் வறுத்துக் கொடுக்கிறார்கள், கரைவலை இழுக்கிறார்கள். அவர்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு ‘பேய் நகரம்’ என்று மைக்கில் சொல்கிறார் கைடு. உயிரோடு இருப்பவரைப் பேய் என்பதற்கு எவ்வளவு கட்டணம்? இடிந்த சர்ச்சுக்குள் செல்ஃபி எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அது ஒரு பெரிய சாவு வீடு என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு எடுங்கள். மணல் மேல் வேன் குலுங்கப் போன காலத்திலாவது தயக்கத்தோடு போனோம். 2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்த பிறகு, ஹாரன் அடித்துக்கொண்டே போகிறோம்.

சின்னப்பாலம் மாதிரி கிராமங்களில் பெண்கள் மன்னார் வளைகுடாவில் முங்கிக் கடல்பாசி எடுக்கிறார்கள். இடுப்பில் கட்டிய பை, கண்ணில் கண்ணாடி, விரலில் துணிச்சுற்று. ஐஸ்கிரீம் கெட்டியாக இருக்கவும் மாத்திரைக்கு மேலுறை போடவும் பாசியிலிருந்து எடுக்கும் பொருட்கள் உதவுகின்றன. ராமேஸ்வரத்தில் ஐஸ்கிரீம் வாங்கித் தின்றுவிட்டு, இப்படி ஒரு தொழில் இருப்பதே தெரியாமல் வண்டி ஏறிவிடுகிறோம்.

நான்காவது, காலம். எந்த மாசம் போகலாம் என்று நோட்டீஸ் சொல்லாது. அதற்கு எல்லா மாசமும் சீசன். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2024 நவம்பர் 20-ஆம் தேதி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், நினைத்த மீன் கிடைக்காது, வெயிலும் மண்டையைப் பிளக்கும். நம் ஸ்கூல் லீவும் அப்போதுதான், என்ன செய்ய! முடிந்தவர்கள் ஜனவரி, பிப்ரவரியில் போங்கள். கோதண்டராமர் கோயில் பக்கத்துத் தண்ணீரில் பூநாரைகள் கூட்டமாக நிற்கும். 2025 ஜூனில் தமிழக அரசு அந்தப் பகுதியில் சுமார் 525 ஹெக்டேரைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறது. தை அமாவாசைக் கூட்டத்தை மட்டும் காலண்டரில் பார்த்துத் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

நோட்டீஸ் அடித்தவரை நான் திட்டவில்லை. வயசான அப்பா அம்மாவை ஒரே நாளில், குறைந்த செலவில், கைபிடித்துக் கூட்டிப்போய்த் தரிசனம் செய்துவைத்துத் திரும்பக் கொண்டுவந்து விடுகிறார். அது சாதாரண சேவை இல்லை. புண்ணியத்துக்குப் போகிறவருக்கு அந்த நோட்டீஸ் போதும். விடுமுறைக்குப் போகிற நாமும் அதே நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு, ‘ராமேஸ்வரத்துல கோயிலை விட்டா ஒண்ணுமில்லப்பா’ என்று தீர்ப்புச் சொல்கிறோமே, அதைத்தான் ஏற்க முடியவில்லை.

இன்னொரு கணக்கும் பாருங்கள். வேன் மதுரையில் வாடகைக்கு எடுத்தது. புளிசாதம் மதுரையில் கட்டியது. டீசல், தண்ணீர் பாட்டில், எல்லாம் வழியில் வாங்கியது. தீவுக்கு நாம் கொடுத்துவிட்டு வருவது பார்க்கிங் காசும், தீர்த்தக் கட்டணமும், ஒரு மூட்டை பிளாஸ்டிக்கும். இந்த மூன்றாவது அயிட்டம் எந்த நோட்டீஸிலும் இல்லை.

சரி, எப்படித்தான் போவது? சிம்பிள். இரண்டு ராத்திரி ஒதுக்குங்கள். ரயிலில் போனால் 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்த புதுப் பாலம். கப்பலுக்கு வழி விட, நடுப்பகுதி லிஃப்ட் மாதிரி மேலே ஏறும். பழைய பாலம் 1914-ல் திறந்தது. முதல் நாள் கோயில், அவசரமில்லாமல். மூன்றாம் பிரகாரத்தில் ஓரமாக உட்காருங்கள், யாரும் விரட்ட மாட்டார்கள். சாயங்காலம் பாம்பன் படகுத்துறையில் நடந்து பாருங்கள். மறுநாள் விடிந்ததும் தனுஷ்கோடி. பத்து மணிக்குள் திரும்பிவிடுங்கள். கடையில் பவளப்பாறைத் துண்டை நீட்டினால் வாங்காதீர்கள். வன உயிரினச் சட்டப்படி அது குற்றம். திரும்பும்போது நேரமிருந்தால், முதுகுளத்தூர் பக்கம் சித்திரங்குடிக் கண்மாய்க்கு வண்டியைத் திருப்புங்கள். மழை பெய்த வருஷமாக இருந்தால், கருவேல மரங்களில் பறவைகள் கூடு கட்டியிருக்கும். 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்த்த, உலகம் ஒப்புக்கொண்ட இடம். வறண்ட சீமை என்று நாம் ஒதுக்கிய ஊரைப் பறவைகள் ஒதுக்கவில்லை.

மாலத்தீவுக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. காசு இருந்தால் தாராளமாகப் போய் வாருங்கள். அங்கே ஐந்து நாள் சும்மா உட்கார்ந்து கடலைப் பார்க்க முடிகிற நமக்கு, இங்கே ஐந்து மணி நேரம் இருப்புக்கொள்ளவில்லையே, அது ஏன் என்று மட்டும் யோசியுங்கள். கடல் ஒன்றுதான் சார்.

அடுத்த தடவை ராமேஸ்வரம் நோட்டீஸ் கைக்கு வந்தால், ஏசி உண்டா, டிபன் உண்டா என்று கேட்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள். ‘ராத்திரி எங்கேண்ணே தங்குறோம்?’ தங்கவில்லை என்றால், அது பாலத்துக்குப் போய்விட்டு வருகிற டூர். தீவுக்கு இல்லை.