பொம்பரிப்பும் உசாத்துணைப் பட்டியலும்: மேற்கோளாட்சி பற்றிய சில குறிப்புகள்

பல்கலைக்கழக ஒப்படைகளிலும் ஆய்வேடுகளிலும் அடிக்குறிப்பும் உசாத்துணைப் பட்டியலும் பெரும்பாலும் புள்ளி பெறுவதற்கான சம்பிரதாயங்களாகவே கருதப்படுகின்றன. எழுத வேண்டியவற்றை எழுதி முடித்த பின்னர், கைக்கெட்டிய நூற்பெயர்களை அகரவரிசையிற் கோத்துவிட்டால் உசாத்துணை ஆகிவிடும் என்ற எண்ணம் மாணவரிடையே மட்டுமன்றி, சில வேளைகளில் நூலாசிரியரிடையேயும் காணப்படுகின்றது. வரலாறு பற்றிய சர்ச்சைகள் கூர்மையடைந்துள்ள நமது நாட்டுச் சூழலில் இவ்வெண்ணம் தவறானது மட்டுமன்று; ஆபத்தானதுமாகும். புத்தளக் கரையோரத்து வண்ணாத்திவில்லுப் பிரதேசம் இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

வண்ணாத்திவில்லுவுக்கு வடக்கே, வில்பத்துத் தேசிய வனத்தினுள் அடங்கிய பொம்பரிப்பிலே பெருங்கற்பண்பாட்டுத் தாழியடக்கங்கள் உள்ளன. இலங்கைத் தொல்பொருட் திணைக்களம் 1956ஆம், 1957ஆம் ஆண்டுகளில் இங்கு அகழ்வு நடத்தியது. பின்னர் 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த விமலா பெக்லி தலைமையில் மீண்டும் அகழ்வு நடைபெற்றது. பெக்லி, லூக்காஸ், கென்னடி ஆகிய மூவர் பெயரிலும் அவ்வகழ்வின் அறிக்கை 'ஏன்சன்ட் சிலோன்' சஞ்சிகையின் 4ஆம் இலக்கத்தில் 1981இல் வெளியாயிற்று. அகழ்வுக்கும் அறிக்கைக்கும் இடையே பதினொரு ஆண்டுகள் கழிந்துள்ளமை மனங்கொள்ளத்தக்கது. '1970ஆம் ஆண்டு அறிக்கை' என எழுதுபவர் செயலின் ஆண்டையும் நூலின் ஆண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றார். அக்குறிப்பைப் பின்பற்றி நூலகத்திலே தேடும் வாசகர் வெறுங்கையுடனேயே திரும்புவார்.

ஆண்டுக் குழப்பத்தினும் பாரதூரமான பிறிதொன்றுண்டு. தாழிகள் கிடைத்தன என்பது அகழ்வுச் செய்தி. அவை தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூர்த் தாழிகளை ஒத்தன என்பது ஒப்பீடு. அவற்றிற் புதைக்கப்பட்டோர் இன்ன மொழியைப் பேசினர், இன்ன இனத்தவர் என்பது அனுமானம். செய்தி, ஒப்பீடு, அனுமானம் ஆகிய மூன்றும் வெவ்வேறு ஆய்வாளரின் கூற்றுகளாக இருத்தல் கூடும். அவற்றின் நம்பகத்தன்மையும் ஒரு தரத்ததன்று. எனினும் மூன்றையும் ஒரே வாக்கியத்திற் கோத்து, இறுதியில் ஓர் அடிக்குறிப்பை மட்டும் இட்டுவிட்டால், அனுமானமும் அகழ்வறிக்கையின் முடிபாகத் தோற்றங்கொள்கின்றது. மண்பானைக்கு மொழி இல்லை. அதற்கு மொழி வழங்குபவர் ஆய்வாளரே. அவர் யார், எவ்வாதத்தின் வழி வழங்கினார் என்பதைப் புலப்படுத்துவதே மேற்கோளின் தலையாய பணி. தமிழ்ப் பெருமிதமாயினும் சிங்களப் பெருமிதமாயினும், இந்த இடைவெளியை மறைத்தே வளர்கின்றது.

மாணவர் ஒப்படைகளில் இன்னொரு வழக்கமும் உண்டு. பிற்கால நூலொன்றிலே எடுத்தாளப்பட்ட பகுதியை மட்டும் படித்துவிட்டு, மூல அறிக்கையையே படித்ததாகப் பட்டியலிடுவர். கண்ட நூலைக் கண்டதாகவும், அதன் வழி அறிந்ததை அவ்வாறே அறிந்ததாகவும் குறிப்பிடுதலே நேர்மை. இடைநூலாசிரியர் ஓரிடத்திற் பிறழ உணர்ந்திருப்பின், அப்பிறழ்ச்சி எங்கே தொடங்கியது என்பதையும் அதுவே காட்டும். கள ஆய்விலே செய்தி வழங்கிய மீனவரும் விவசாயியும் பட்டியலில் இடம்பெறாமையும் ஒரு குறையே. அச்சேறிய சொல்லுக்கு மட்டும் மதிப்பளிப்பதும் ஒருவகை வர்க்க மனப்பான்மையாகும். அவர்தம் சம்மதத்துடன் பேட்டியின் இடமும் தேதியும் பதிவுசெய்யப்படல் வேண்டும்.

பதிப்பு விவரத்தின் இன்றியமையாமையை இதே மாவட்டத்தவரான சைமன் காசிச்செட்டியின் நூல்வழி அறியலாம். கற்பிட்டியில் 1807இற் பிறந்த இவர் தமிழ்ப் புலவர் வரலாறுகளை ஆங்கிலத்தில் எழுதிய 'தமிழ் புளூட்டார்க்' 1859இல் யாழ்ப்பாணத்தில் வெளியாயிற்று. தெ. பொ. மீனாட்சிசுந்தரனாரின் குறிப்புகளுடன் கூடிய இரண்டாம் பதிப்பு 1946இல் வந்தது. அதன் மறுஅச்சு 1982இல் புதுதில்லியில் வெளியிடப்பட்டது. மறுஅச்சைப் படிப்பவர் பதிப்பைச் சுட்டாதுவிடின், இருபதாம் நூற்றாண்டுப் பேராசிரியரின் கருத்து பத்தொன்பதாம் நூற்றாண்டு நூலாசிரியரின் கருத்தாக உருமாறிவிடும். பெயர்களை ஒழுங்குபடுத்தலிலும் கவனம் தேவை. தமிழ்ப் பெயரின் முதலெழுத்து பெரும்பாலும் தந்தை பெயரைக் குறிப்பதாதலின், கா. சிவத்தம்பி என்பாரைச் 'சிவத்தம்பி, கா.' என்றே பதிதல் வேண்டும்.

இவையெல்லாம் மேனாட்டார் வழிவந்த சடங்குகள் என்று ஒதுக்குவாரும் உளர். இவ்வாதம் பொருந்துவதன்று. முன்னோர் கூற்றை முன்னோர் கூற்றென்றே சுட்டும் மரபு தொல்காப்பியத்திலேயே உண்டு. உ. வே. சாமிநாதையர் தாம் ஒப்புநோக்கிய ஏட்டுப்பிரதிகளை, அவற்றை உதவியோரின் பெயர்களுடன் தம் பதிப்புகளிற் குறித்தார். எந்தப் பாடம் எந்த ஏட்டினின்று வந்தது என்ற வினாவுக்கு இடமளித்ததே அப்பதிப்புகளின் விஞ்ஞானபூர்வமான பண்பு.

1981இல், பொம்பரிப்பு அறிக்கை வெளியான அதே ஆண்டிலே, யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. பிரதி அழிந்த நூலொன்று இருந்தது என்பதற்கு, அதனை முன்னர்ப் படித்தவர் இட்ட குறிப்பே சில வேளைகளில் எஞ்சும் சான்றாகும். என். செல்வராஜா 2002இலிருந்து தொகுதி தொகுதியாக வெளியிட்டு வரும் 'நூல் தேட்டம்' இத்தேவையின் பரிமாணத்தை உணர்த்துகின்றது.

வாசகரை ஆசிரியருக்குச் சமமான இடத்தில் நிறுத்துவதே மேற்கோளின் சமூகப் பயன். 'பேராசிரியர் கூறினார்' என்பதோடு வாதம் முற்றுப்பெறாது, கூறியதைத் தாமே சென்று பரிசோதிக்கும் உரிமையை அது சாதாரண வாசகருக்கும் வழங்குகின்றது. வண்ணாத்திவில்லுவைச் சேர்ந்த மாணவர் ஒருவர் தம் ஊரின் பழமை பற்றி எழுதும்போது, எதனை அறிவோம், எதனை ஊகிக்கின்றோம் என்பதைப் பக்க எண்ணுடன் பிரித்துக் காட்டுவாராயின், அதுவே அவ்வூரின் வரலாற்றுக்கு அவர் செய்யும் முதற் பணியாகும்.