தாயம் விழவில்லையா?

1977 மார்ச்சில் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனின் முன்னே கடக்குமெனக் கணித்து, ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் தொலைநோக்கியோடு காத்திருந்தார்கள். கோள் கணக்குக்குக் கட்டுப்படும். திண்ணையில் உருளும் தாயக்கட்டை? அதன் கவர்ச்சியே கட்டுப்படாமைதான்!

கட்டையின் ஒரு முகம் வெறுமை. மற்றவற்றில் 1, 2, 3 புள்ளிகள். இரு கட்டைகள் விழக்கூடிய விதங்கள் 16. தாயம் இரண்டே, அதாவது எட்டில் ஒன்று. ஏழு முறை தவறிவிட்டதா? எட்டாவதில் நிச்சயம் என்று நம்பாதீர்கள். அப்போதும் எட்டில் ஒன்றே. எட்டு முறை உருட்டியும் தாயம் காணாதவர் ஏறத்தாழ மூவரில் ஒருவர்! அதுவரை காய் இறங்காது, சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஆட்டத்தின் பெருங்குறை இது. ஆனால் பாட்டியைப் பேரன் வெல்ல முடிவதும் இதே குருட்டுத்தனத்தால்தான். பரமபதத்தில் யோசிக்க எதுவுமே இல்லை. தாயத்தில் எந்தக் காயை நகர்த்துவது, எதை வெட்டுவது என்பதாவது உங்கள் கையில்.